மாமல்லபுரம் என்று தட்டிய பிறகு

மாமல்லபுரம். நாம் எண்ணினால் ஏழு எழுத்து. கணினி எண்ணினால் 11 குறியீடு: ம, அதையடுத்து ஒரு துணைக்கால், மறுபடி ம, ல, ஒரு புள்ளி, ல, ப, உகரக் குறி, ர, ம, கடைசியில் இன்னொரு புள்ளி. குறியீட்டுக்கு 3 பைட் வீதம் மொத்தம் 33 பைட். தமிழ் விக்கிப்பீடியாவில் இந்த ஊருக்கான பக்கத்தின் முகவரியை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டினால் பல நேரம் ஊர்ப் பெயர் காணாமல் போய்விடும். பைட்டுக்கு ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக 99 எழுத்து நீளத்துக்கு ஏதோ ஒன்று வந்து விழும். அதுவும் மாமல்லபுரம்தான்.

ஊருக்கு வந்து இறங்கியவர் கைபேசியில் இந்தப் பெயரைத் தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் தேடுபொறி இணையத்தைத் தேடுவதே இல்லை. தேடல் எப்போதோ முடிந்து, பட்டியல் போட்டு, அடுக்கிவைத்தாயிற்று. நாம் தட்டும்போது நடப்பது எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டுமே. இந்த 33 பைட் அந்தப் பட்டியலுக்குள் போய்ச் சேர்ந்த கதைதான் நீளமானது. அதில் ஒரு பகுதி நம் குரோம்பேட்டையில் நடந்தது.

பெயரின் இளமைக்காலம் சிரமமானது. இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் தமிழ்த் தளங்கள் பலவற்றில் ஆளுக்கொரு எழுத்துரு. அந்த எழுத்துருவை இறக்கிக்கொண்டால் திரையில் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் மேலே கோடும் கீழே வாலும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் தெரியும். வலைப்பக்கங்களைப் படித்துப்போக வரும் ரோபோவுக்கு எழுத்துருவின் வடிவம் தெரியாது. அடியில் இருக்கும் குறியீடுதான் தெரியும். ஆக, ஒரு பத்திரிகைத் தளத்தின் மாமல்லபுரமும் இன்னொரு தளத்தின் மாமல்லபுரமும் அதற்கு இரண்டு வெவ்வேறு உளறல்கள். வெளிநாட்டுத் தமிழர்களிடம் டிஸ்கி என்ற குறியீட்டு முறை பரவியிருந்தது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991-இலேயே. ஆனால் தமிழ்நாடு அரசு அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2010 ஜூனில். இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டு, மாற்றப்படாமலே செத்துப்போன பக்கங்களுக்கு இனி யாரும் கணக்கு எடுக்க முடியாது.

யூனிகோடு வந்தபின்னும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம் இருக்கிறது. அதன் முதல் எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகவும் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒரே கோவளம். பைட்டைப் பைட்டோடு ஒப்பிடும் இயந்திரத்துக்கு இரண்டு ஊர். அதனால் எந்தத் தேடுபொறியும் பக்கத்தைப் படித்தவுடன் முதலில் இந்த வேற்றுமைகளை ஒன்றாக்கிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும்.

சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடிய அதே 1999 பிப்ரவரி. முதல் தேதியன்று கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் ஊர்ஸ் ஹோல்சில என்பவர் ஒரு கம்பிக் கூண்டைப் பார்க்கப் போனார். கூகுளில் அவர் இன்னும் வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை. லாரி பேஜ் அழைத்துப் போய்க் காட்டினார். கூண்டின் அளவு 7 அடிக்கு 4 அடி. உள்ளே கால் வைக்க இடமில்லாமல் சுமார் 30 கணினிகள். பட்டியல் போட்டு விடை தருவதற்கு 24 கணினி. உலகத்து வலைப்பக்கங்களையெல்லாம் சுற்றி வந்து படிப்பதற்கு 4 கணினி. அவ்வளவுதான் அன்றைய கூகுள். பல வருடம் கழித்து ஹோல்சிலவே இதை எழுதியிருக்கிறார்.

அந்தக் கூண்டு இருந்த கட்டடம் எக்ஸோடஸ் என்ற நிறுவனத்துடையது. அடுத்தவர்களின் சர்வர்களை வாடகைக்கு வைத்துக் காப்பது அதன் தொழில். அதை 1994-இல் தொடங்கிய இருவர் கே.பி. சந்திரசேகர், பி.வி. ஜகதீஷ். இணையப் பங்குகள் வானத்தில் பறந்த நாட்களில் அதுவும் பறந்தது. 2001 செப்டம்பரில் திவாலானது. திவாலாவதற்கு முன்பே சந்திரசேகர் தந்த பணத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம் எழும்பியிருந்தது. எம்.ஐ.டி. இருப்பது குரோம்பேட்டையில். அன்று காஞ்சிபுரம் மாவட்டம், இன்று செங்கல்பட்டு மாவட்டம். கூகுளின் முதல் கூண்டுக்கு வாடகை வாங்கிய நிறுவனத்தில் சம்பாதித்தது கொஞ்சம், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் தமிழ்த் தேடலுக்கு உதவியது என்று வைத்துக்கொள்ளலாம். சுந்தர் பிச்சையைப் பற்றி எழுதிக் குவிக்கிற நம் பத்திரிகைகள் இந்தக் கதையை ஏன் விட்டுவைத்தன என்று புரியவில்லை.

குரோம்பேட்டையில் என்ன செய்தார்கள்? 2006 வாக்கில் மத்தியத் தகவல் தொழில்நுட்பத் துறை பணம் கொடுக்க, மும்பை ஐஐடி தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்குத் தேடுபொறி கட்டும் வேலையை எடுத்தன. பின்னாளில் அதற்கு சந்தான் என்று பெயர். தமிழ்ப் பகுதி கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கும் ஏயூ-கேபிசி மையத்துக்கும் வந்தது. எல்லாவற்றையும் தேட அல்ல, சுற்றுலாவைப் பற்றி மட்டும் தேட. எனவே மாமல்லபுரம் அதன் வாசலில் இருந்த சொல்.

இருந்த சொல்தான், ஆனால் இருந்த உருவத்தில் இல்லை. தமிழில் யார் ‘மாமல்லபுரம்’ என்று மொட்டையாக எழுதுகிறார்கள்? மாமல்லபுரத்தில், மாமல்லபுரத்துக்கு, மாமல்லபுரத்திலிருந்து, மாமல்லபுரமும். ‘மாமல்லபுரக் கடற்கரை’ என்றால் மகரமே போய்விட்டது. ஆங்கிலத்தில் ஓர் ஊர்ப் பெயர் எங்கு வந்தாலும் அதே பெயர். தமிழில் ஒவ்வொரு வேற்றுமைக்கும் வால் மாறும், சில சமயம் கழுத்தும் மாறும். இந்த உருவங்களையெல்லாம் வெட்டி ஒரே வேரில் கொண்டுபோய்க் கட்டாவிட்டால் தேடுகிறவருக்குப் பாதிப் பக்கம் கிடைக்காது. சரி, கடைசியில் ‘இல்’ வந்தால் வெட்டிவிடு என்று விதி போட்டால்? கோயில் ‘கோய்’ ஆகும், வெயில் ‘வெய்’ ஆகும், ரயில் ‘ரய்’ ஆகும். கடற்கரைக் கோயிலுக்குப் பேர்போன ஊரில் கோயிலை இழந்துவிட்டுத் தேடுபொறி என்ன செய்யும்?

எனவே சொல்லை வெட்டுவதற்கு முன் அது என்ன சொல் என்று தெரிந்தாக வேண்டும். ஏயூ-கேபிசி மையத்தில் சோபா லலிதா தேவியின் குழு இந்த வேலையில் இறங்கியது. சுற்றுலாத் துறைக்கென்றே பெயர்ச்சொற்களை இனம் பிரிக்கும் ஒரு முறையை அவர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். இடப்பெயர், ஆள்பெயர் என்று இரண்டோடு நிற்காமல் 106 வகை, அவற்றுக்குள் கிளை. அத்தனை வகை எதற்கு என்று தோன்றினால் ‘அர்ச்சுனன் தபசு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாகப் பார்த்தால் ஒரு சிற்பத் தொகுதி. உள்ளே இருக்கும் அர்ச்சுனன் ஓர் ஆள். ‘செங்கல்பட்டு ரயில் நிலையம்’ ஒரு நிலையம். உள்ளே ஓர் ஊர். ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் பெயர்களையும், வேற்றுமை ஏறி உருமாறிய பெயர்களையும் சேர்த்தே பிடிக்க வேண்டும் என்று அவர்கள் முயன்றார்கள். பொதுமக்கள் கைப்பழக்கத்தில் சந்தான் கூகுளின் இடத்தைப் பிடிக்கவில்லை. அது பிடிக்கும் என்று அதைக் கட்டியவர்களே நம்பியிருப்பார்களா என்பது என் சந்தேகம். ஆனால் தமிழ்ச் சொல்லை இயந்திரத்துக்கு எப்படி ஊட்டுவது என்ற கேள்வியை முதலில் உட்கார்ந்து யோசித்தவர்களில் குரோம்பேட்டைக்காரர்கள் உண்டு.

வேரைக் கண்டுபிடித்தபின் சொல் போய்ச் சேரும் இடம் சொல்லடைவு. தமிழறிஞர்களுக்கு இது பழகிய பண்டம். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியத்துக்கு மூன்று தொகுதிகளில் சொல்லடைவு வெளியிட்டது. எந்தச் சொல் எந்த நூலில், எந்த அடியில் என்று பார்த்துச் சொல்லும். தேடுபொறியின் வயிற்றில் இருப்பதும் இதுவே. பக்கத்தின் கீழ்ச் சொற்களை எழுதாமல், சொல்லின் கீழ்ப் பக்கங்களை எழுதுவது. ‘மாமல்லபுரம்’ என்ற தலைப்பின் கீழே அந்தச் சொல் வரும் எல்லாப் பக்கங்களின் எண்ணும், பக்கத்தில் எத்தனையாவது சொல்லாக வருகிறது என்பதும் வரிசையாக நிற்கும். ‘மாமல்லபுரம் புலிக்குகை’ என்று தட்டினால் இரண்டு வரிசைகளை எடுத்து, இரண்டிலும் உள்ள எண்களை மட்டும் பொறுக்க வேண்டியதுதான். அரை நொடி வேகத்தின் ரகசியம் இவ்வளவே.

பொறுக்கியதில் எது முதலில், எது பின்னால்? 1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஒரு வழி சொன்னார்: எல்லாப் பக்கத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிதான சொல்லுக்கு மதிப்பு அதிகம். மாமல்லபுரத்தைப் பற்றிய பக்கம் என்றால் சிற்பம் என்ற சொல் இல்லாமல் இருக்காது. அது இருப்பதால் எந்தப் பக்கத்துக்கும் தனிச் சிறப்பில்லை. சாளுவன்குப்பம் என்று ஒரு பக்கத்தில் இருந்தால், எழுதியவர் புலிக்குகைவரை போய்ப் பார்த்தவராக இருக்கலாம். இன்றும் தேடுபொறிகளின் அடித்தளத்தில் இந்தக் கணக்கின் பேரப்பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் இதில் ஒரு ஓட்டை. சாளுவன்குப்பம், சாளுவன்குப்பம் என்று நூறு முறை எழுதிவைத்தால் பக்கம் மேலே ஏறிவிடும். தொண்ணூறுகளின் தேடுபொறிகளை விளம்பரக்காரர்கள் இப்படித்தான் ஆட்டிவைத்தார்கள். செர்கே பிரினும் லாரி பேஜும் 1998-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வெளியிட்ட கட்டுரை வேறு பக்கம் திரும்பியது. பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதோடு, மற்றப் பக்கங்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்றும் பார். மாமல்லபுரத்தில் இறங்கி, நல்ல ஸ்தபதி யார் என்று கேட்டால் டீக்கடைக்காரர் ஒரு பட்டறையைக் காட்டுவார், ஆட்டோக்காரர் ஒன்றைக் காட்டுவார். சிற்பக் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒருவர் வேறொன்றைக் காட்டினால் அவர் கை நீட்டிய திசைக்கு எடை அதிகம். அவரை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது அந்த எடைக்குள் இருக்கிறது. பேஜ்ரேங்க் கணக்கு இதைத்தான் செய்கிறது. ஒரு லிங்க் ஒரு கை நீட்டல். நீட்டுகிறவரின் மதிப்பும், அவர் எத்தனை திசையில் கை நீட்டுகிறார் என்பதும் சேர்ந்து எடை. இணையத்தில் ஒருவர் லிங்க் லிங்க்காகத் தாவிக்கொண்டே போகிறார், 100-க்கு 85 முறை கையில் அகப்படும் லிங்க்கில் போகிறார், மீதி 15 முறை சலித்துப்போய் எங்கோ குதிக்கிறார் என்று கற்பனை செய்து கணக்குப் போட்டார்கள். அவர் அதிகம் போய் நிற்கும் பக்கமே பெரிய பக்கம். அந்தக் கட்டுரை எழுதியபோது அவர்களிடம் இருந்த பக்கங்கள் 2.4 கோடி.

லிங்க்கை வைத்து மதிப்பிடும் இந்தத் துறையில் சென்னை ஐஐடியில் படித்த இருவருக்கும் பங்கு உண்டு: கூகுள் நியூஸை உருவாக்கிய கிருஷ்ண பாரத், பிறகு கூகுள் தேடலுக்கே தலைமை ஏற்ற பிரபாகர் ராகவன். ராகவன் மற்ற இருவரோடு சேர்ந்து 2008-இல் எழுதிய தகவல் தேடல் பாடநூலை இன்றும் வகுப்புகளில் படிக்கிறார்கள்.

படிக்க வரும் ரோபோவை அருகிலிருந்து பார்க்க ஆசைப்பட்டால், ஏதாவது ஒரு தளத்தின் சர்வர் குறிப்பேட்டைத் திறக்கலாம். யார், எப்போது, எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று வரிக்கு வரி இருக்கும். கூகுளின் ரோபோ வந்த வரியில் அது தன்னை நெக்ஸஸ் 5எக்ஸ் என்ற ஆண்ட்ராய்டு போன் என்று சொல்லிக்கொள்ளும். ஓரத்தில் கூகுள்பாட் என்ற கையெழுத்தும் இருக்கும். 2015-இல் வந்த அந்த மாடலை இன்று கையில் வைத்திருப்பவர் அபூர்வம். நம் ஜனங்கள் கைபேசியில்தான் பார்க்கிறார்கள் என்பதால் ரோபோவும் கைபேசி வேடத்தில் வருகிறது. பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்து வருகிறது. ஆகையால் வெளிநாட்டு முகவரிகளுக்குக் கதவை அடைத்திருக்கும் தளம் அதன் கண்ணில் படாது. வாசலில் ரோபோஸ் என்ற சிறு கோப்பில் ‘இந்த அறைக்குள் வராதே’ என்று எழுதியிருந்தால் திரும்பிப் போய்விடும். 1994-இல் தொடங்கிய மரியாதை அது. புதிதாக ஒரு பக்கம் பிறந்திருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டுமானால், அது ஏற்கெனவே அறிந்த ஒரு பக்கத்திலிருந்து லிங்க் வேண்டும், அல்லது தளக்காரர் தன் பக்கங்களின் பட்டியலைக் கொடுத்துவைக்க வேண்டும்.

இங்கேதான் மாமல்லபுரத்தின் சங்கடம் இருக்கிறது. 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இருக்கும் ஊர் இது. அதை நடத்திய வை. கணபதி ஸ்தபதிதான் குமரிமுனையில் 133 அடி வள்ளுவரை எழுப்பினார். ஊரின் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கல்லைத் தட்டிப் பார்த்து, ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கும் கை இன்னும் பட்டறைகளில் இருக்கிறது. ஆனால் அந்தக் கைகள் சொல்வது இணையத்தில் எழுத்தாகக் கிடப்பது குறைவு. பட்டறைக்காரர் தன் வேலையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். வாட்ஸ்அப் குழுவுக்குள் எந்த ரோபோவும் நுழையாது. விலைப்பட்டியலை அழகாக வடிவமைத்துப் படமாகப் போடுகிறார். படத்துக்குள் இருக்கும் எழுத்து, எழுத்தாக எழுதிய எழுத்துக்கு ஈடாகாது. தளம் வைத்திருப்பவர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஆங்கிலத்தில் மகாபலிபுரம் என்று வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. யுனெஸ்கோவே 1984-இல் அந்தப் பெயரில்தான் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெயருக்குப் பல பத்தாண்டு லிங்க்குகள் குவிந்து கிடக்கின்றன.

தமிழில் நாம் எழுதும்போது ஒருவருக்கொருவர் லிங்க் கொடுப்பதில் கஞ்சர்கள் என்பது என் குற்றச்சாட்டு. வலைப்பூக் காலத்தில் கொஞ்சம் கொடுத்தோம். பிறகு எல்லாம் ஃபார்வர்டு ஆனது. ஃபார்வர்டு கை நீட்டலாகக் கணக்கில் சேராது. ஆகவே தமிழில் மாமல்லபுரம் என்று தேடினால் செய்தித்தளமும் விக்கிப்பீடியாவும் பயண நிறுவனங்களும் முன்னால் நிற்பதில் சதி ஒன்றுமில்லை. சுட்டிக்காட்டப்பட்டவர்கள் முன்னால் நிற்கிறார்கள்.

2019-இன் கடைசி மூன்று மாதம் இந்தச் சொல்லின் வாழ்வில் பரபரப்பானது. அக்டோபர் 11, 12 தேதிகளில் மோடியும் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தார்கள். ஒரு சொல்லைத் திடீரென்று ஊரே தேடத் தொடங்கினால், நேற்றுவரை மேலே இருந்த நிதானமான பக்கங்களுக்குப் பதிலாக அன்றைய செய்தியை ஏற்றிவைப்பது தேடுபொறிகளின் வழக்கம். பல்லவர் வரலாறு தேடியவருக்கும் அந்த வாரம் வேட்டி கட்டிய பிரதமர்தான். 2022 ஜூலை, ஆகஸ்டில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோதும் இதே கதை.

2019-இன் அதே அக்டோபரில், 25-ஆம் தேதி கூகுள், தேடலில் பெர்ட் என்ற மொழி மாதிரியைச் சேர்ப்பதாக அறிவித்தது. டிசம்பர் 9-இல் தமிழ் உட்பட எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு அது வந்தது. அது தீர்க்க வந்த சிக்கல் நமக்கு நன்றாகவே தெரிந்த சிக்கல். ‘மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ்’ என்று ஒருவர் கேட்கிறார். ‘செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு பஸ்’ என்று இன்னொருவர். வேற்றுமை வாலை வெட்டி வேரை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே கேள்வி: மாமல்லபுரம், செங்கல்பட்டு, பஸ். வாலில்தான் திசை இருந்தது, அதைத் தொலைத்தாயிற்று. ஆங்கிலத்துக்கு கூகுள் காட்டிய உதாரணமும் இதே ரகம்: பிரேசில்காரர் அமெரிக்கா போக விசா கேட்டால், அமெரிக்கர் பிரேசில் போவதைப் பற்றிய பக்கத்தை முன்பு காட்டிக்கொண்டிருந்தது. பெர்ட் சொல்லை அக்கம்பக்கத்துச் சொற்களோடு சேர்த்துப் பார்க்கும். வாலைக் குப்பையில் போடாது. தமிழுக்கு இதனால் ஆங்கிலத்தைவிட அதிக லாபம் இருந்திருக்க வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட மாதிரிகள் படித்து வளர்வது இருக்கும் எழுத்தைக் கொண்டு. இணையத்தில் தமிழ் எழுத்து ஆங்கிலத்தின் பக்கத்தில் நிற்க முடியாத அளவுக்குக் குறைவு.

இவ்விரண்டு அறிவிப்புக்கும் நடுவே, நவம்பர் 29-இல், செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மாமல்லபுரம் ஒரே நாளில் மாவட்டம் மாறியது. இணையத்தில் மாறவில்லை. 1997 ஜூலை முதல் இருபத்திரண்டு வருடமாகச் சேர்ந்த பக்கங்கள் ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தன. தேடுபொறிக்கு அரசாணை படித்துத் திருத்தும் பழக்கம் கிடையாது. விக்கிப்பீடியா போன்ற சில பக்கங்களை நம்பித் தன் தகவல் பெட்டியை மாற்றிக்கொள்ளும், மற்றப் பக்கங்களை அவை இருப்பது போலவே காட்டும். இதில் வேடிக்கை, 1997-க்கு முன்னால் ‘செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம்’ என்று எழுதப்பட்ட பழைய ஆவணம் ஏதாவது இணையத்தில் இருந்தால், நடுவே வந்த அத்தனை பக்கங்களையும்விட அதுதான் இன்றைய உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும். பழசு என்பதற்காக இயந்திரம் அதைக் கீழே தள்ளியிருக்கும்.

அடிக்கடி மாறும் பக்கத்துக்கு ரோபோ அடிக்கடி வரும். பத்து வருடமாகத் தொடாத விடுதிப் பக்கத்துக்கு எப்போதாவது எட்டிப் பார்க்கும். விடுதிக்காரர் முகவரியில் அந்த ஒரு சொல்லைத் திருத்தி, தளப் பட்டியலில் திருத்திய தேதியையும் போட்டுவைத்தால், நெக்ஸஸ் வேடத்தில் அடுத்த முறை வரும்போது அது செங்கல்பட்டு என்று குறித்துக்கொண்டு போகும்.